கதவைத் தாண்டாத அலமாரி

எங்கள் அத்தானைப் போல நேர்த்தியாக வேலை செய்யும் தச்சரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல அவசரக்குடுக்கையையும் பார்த்ததில்லை. அக்காவின் கணவர் என்பதால் இரண்டையும் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மேற்பார்வையாளர் எங்கள் அண்ணன். வீட்டிலும் மச்சான், வேலையிலும் மச்சான் என்றால் மனிதர் எவ்வளவுதான் தாங்குவார்? ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பின்னறையில் சொந்தமாகப் பட்டறை போட்டார். "ஒரே ஒரு மாசம் பாருங்க மச்சான். ஓடலைன்னா நானே திரும்பி வந்துடறேன்" என்று வாக்கும் கொடுத்தார். அண்ணன் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்.

முதல் வேலை, ஒரு பல் மருத்துவருக்குத் துணி அலமாரி. சாப்பாடு, தூக்கம் மறந்து இழைத்தார். வண்டி வந்தது. ஆளுக்கொரு மூலையாகத் தூக்கினோம். பட்டறைக் கதவு வரை வந்த அலமாரி அதற்கு மேல் வர மறுத்துவிட்டது. நிமிர்த்தினோம், சாய்த்தோம், படுக்கவைத்தோம். ம்ஹூம்! தொழிற்சாலைக் கதவு வழியே லாரியே உள்ளே வரும். அங்கே பழகியவருக்குக் கதவை அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மருத்துவர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் துணிகளைக் கொண்டுவந்து அதில் அடுக்கினாள். "எனக்குச் செஞ்சதா நெனச்சுக்கறேன், விடுங்க" என்றாள். அத்தானுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அடுத்து, எதிர்வீட்டு மாடியில் இருக்கும் தையல்காரருக்குத் துணி வெட்டும் மேசை. இந்த முறை தன் கதவை ஒன்றுக்குப் பத்து தடவை அளந்தார். மேசை கதவைத் தாண்டியது, தெருவையும் தாண்டியது, தையல்காரர் வீட்டு மாடிப்படி திரும்பும் இடத்தில் வசமாகச் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தையல்காரர் மேலே, அவர் மனைவி கீழே. மதியச் சாப்பாட்டை அந்த அம்மாள் மேசைக்கு மேலாகத்தான் நீட்டினார்.

அத்தான் ரம்பத்தோடு மேசைக்கு அடியில் படுத்தார். "நிதானமா அறுங்க, எனக்கும் இன்னைக்கு லீவு" என்றார் தையல்காரர், வாய் நிறையச் சாப்பாட்டோடு. ரம்பச் சத்தமே கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். மனுஷன் மேசைக் காலைத் தடவியபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"அளவு ஒவ்வொரு வீட்டுக்கும் மாறத்தான் செய்யும். இந்தக் கால் மட்டும் கழண்டு வந்திருந்தா, மேசை இந்நேரம் மேல போயிருக்கும்ல?" என்றார். முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பு.

கால்களை அறுத்து, மேசையை மேலே ஏற்றி, அங்கேயே போல்ட் போட்டு முடுக்கினார். தையல்காரர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை. அத்தான் அன்றே வீட்டுக்கு வந்து அலமாரியிலும் கைவைத்தார். "என் துணியை எங்கேங்க வைக்கறது?" என்று அக்கா கத்தியது காதில் விழுந்தால்தானே! மூட்டு மூட்டாக அறுத்து, எல்லாவற்றையும் கழற்றி மாட்டும்படி செய்தார்.

கெடு முடியும் நாளில் அண்ணன் பதில் கேட்க வந்தார். வாசலில் அலமாரி நின்றது. திறந்தார், மூடினார், தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"மாப்ள, இது எப்படி வெளிய வந்துச்சு?"

அத்தான் ஸ்பானரை எடுத்துப் பலகை பலகையாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். அண்ணன் மோவாயைச் சொறிந்தார்.

"எங்க வீட்டு மாடிப்படியும் ரொம்பக் குறுகல். கல்யாணமான நாள்லேருந்து என் பொண்டாட்டி ஒரு கட்டில் கேட்டுட்டிருக்கா" என்றார். பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் காலி இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடறேன்" என்றார்.

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு அளவு நாடாவைத் தேடினார்.

"இருங்க மச்சான், நானும் கூடவே வரேன். முதல்ல படியை அளக்கணும்."