இருபது மூச்சு

தேயிலை விலை விழுந்து, குன்னூரில் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓடிய காலம். வேலையில்லாத நாட்களில் நானும் நண்பன் முருகேசனும் எஸ்டேட் குளத்தில் நீச்சல் பந்தயம் வைப்போம். குதிக்கும் முன் அவன் இரண்டு காதையும் இழுத்துவிட்டுக்கொள்வான். நான் வேகவேகமாக இருபது முறை மூச்சை இழுத்து விடுவேன். "துருத்தியாட்டம் ஊதாதடா" என்று சிரிப்பான்.

அன்று குளத்தின் மேல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. தலையைத் தூக்காமல் அக்கரையைத் தொட வேண்டும் என்பது பந்தயம். வழக்கம்போல ஊதிவிட்டு மூழ்கினேன். பாதி தூரம் போயும் மூச்சு முட்டவே இல்லை. எனக்கு அதில் பெருமைதான். பிறகு நடந்தது எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது கரையில் கிடந்தேன். முருகேசன் அழுதுகொண்டிருந்தான். "அக்கரையில உன்னைக் காணோம்னு திரும்பக் குதிச்சுத் தேடுனா, அடியில சும்மா கெடக்கறடா!"

எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்: "அப்படி ஊதிட்டுப் போனா மூச்சு முட்டறதே தெரியாதுங்க. தண்ணிக்குள்ளயே மயக்கம் போட்டுரும்."

இப்போது நான் ஊதுவதுமில்லை, நீருக்கடியில் பந்தயம் வைப்பதுமில்லை. துணையில்லாமல் குளத்தில் இறங்குவதில்லை. மூச்சு முட்டினால் உடனே தலையைத் தூக்கிவிடுகிறேன். முட்டுவது எனக்குப் பயமில்லை. முட்டாமல் இருந்தால்தான் பயம்.