பாலைவனச் செடியும் அதன் பங்காளியும்

படூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஒரு மழைக்காலத்தில் குவாயூலி என்ற புதரின் காய்ந்த தண்டும் இலைகளும் ஆய்வுக்கு வந்தன. மெக்சிகோ பாலைவனத்துச் செடி. பட்டைக்குள் ரப்பர் இருக்கும். சூரியகாந்திக் குடும்பம், பார்த்தீனியம் பேரினம். நம் ஊர்க் காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு மண்டும் பார்த்தீனியக் களைக்குப் பங்காளி.

அதன் பிசினிலிருந்து குவாயூலின் என்ற பொருளைப் பிரிப்பது என் பொறுப்பு. அது தோலைப் புண்ணாக்கும் என்று படித்திருந்ததால் இரட்டைக் கையுறை போட்டுத்தான் தொட்டேன். அப்படியும் சில வாரங்களில் இமைகள் தடித்தன, கழுத்து அரித்தது. வேலையை விடச் சொல்வார் என்று கணவரிடம் மறைத்தேன். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை மறக்காது. கண்ணாடி பார்க்கவே பயமாக இருந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிறு காலை செய்யூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். மாமல்லபுரம் தாண்டியதும், போன் வந்ததென்று கணவர் வண்டியை ஓரங்கட்டினார். பக்கத்து மனையில் இடுப்பளவு பார்த்தீனியம் பூத்திருந்தது. கடற்காற்று அதன்மேல் புரண்டு எங்களிடம் வந்தது. தும்மினேன். பிறகு நெஞ்சு இறுகியது. இழுத்த மூச்சு உள்ளே போகவில்லை.

"இன்னா ஆச்சு? மூஞ்சி வீங்கிகினு வருது."

எனக்குக் குரல் வரவில்லை. அவர் போனை அப்படியே பையில் போட்டுவிட்டு மாமல்லபுரத்துக்கு வண்டியைத் திருப்பினார். அவர் சட்டையை இறுகப் பிடித்திருந்தேன். குவாயூலின் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது, இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"மூச்ச நிறுத்தாத, இஸ்துகினே இரு. தோ வந்துட்டோம்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு முகமூடி வழியாக மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு திரும்பியதும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் அம்மாவுக்குப் போன் செய்து, இன்று வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

பிறகு செங்கல்பட்டில் ஒரு தோல் மருத்துவர் எது ஒவ்வாமை என்று கண்டறிய, மருந்து தடவிய இரண்டு ஒட்டுப்பட்டைகளை என் முதுகில் ஒட்டினார். ஒன்றில் குவாயூலின், மற்றதில் களைச்செடியின் பார்த்தீனின். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது குவாயூலின் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. பார்த்தீனின் பட்ட இடம் சிவந்து கொப்புளித்திருந்தது.

"நீங்க பயந்தது ஒண்ணு, கடிச்சது ஒண்ணு," என்றார்.

ஒரே பேரினம்தான், ஆனால் வேறு வேறு மூலக்கூறுகள். நான் ஆய்வகத்தில் அஞ்சிய வாரங்களில், தினமும் ஷேர் ஆட்டோவுக்கு நின்ற இடத்தில் களை வளர்ந்திருக்கிறது. நிம்மதி வரவில்லை. ஆய்வகப் புட்டியையாவது மூடி வைக்கலாம். காற்றை என்ன செய்வது?

வீட்டுக்கு எதிர் மனையில் முளைக்கும் பார்த்தீனியத்தைக் கணவரே பிடுங்கிப் போடுகிறார். அவர் குளித்துச் சட்டை மாற்றும்வரை நான் உள்ளறைக் கதவைத் திறப்பதில்லை.