கணக்கில் வராத விளக்கு

அந்த வருடம் செல்லச்சாமியை நான் ஏசாத நாள் குறைவு. மக்கீன் ஹாஜியாரின் கடையில் தொலைபேசி எடுப்பதும், வருகிற முறைப்பாடுகளைப் பழுதுச் சீட்டில் எழுதுவதும் என் வேலை. கண்டி நகரின் கொழும்பு வீதியில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். கொம்பியூட்டருக்கு வைக்கும் யூபிஎஸ் பெட்டிகளைத் திருத்துவது தொழில். ஹாஜியார் முதலாளி, செல்லச்சாமி திருத்துகிறவன், நான் ஏச்சு வாங்குகிறவள். வாங்கிய ஏச்சை அவனிடம் இறக்கி வைப்பேன், வேறு எங்கே வைப்பது?

1996. மழை இல்லை, நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்தன, நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு. யூபிஎஸ் என்பது கரண்ட் போன பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தாக்குப்பிடிக்கிற பெட்டி. செய்த வேலையைச் சேமித்து, கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்துவதற்கு அந்த நேரம் போதும். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மின்வெட்டு முழுவதையும் அதை வைத்தே ஓட்டிவிட வேண்டும். திகனவில் ஒருவர் அதில் மேசை விசிறி பூட்டினார். கலகெதரவில் ஒரு அம்மா தேத்தண்ணீருக்குச் சுடுநீர்க் கேத்தலைச் செருகினாள். பற்றரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி, அது செத்த பிறகு, "உங்கட சாமான் சரியில்லை" என்று எனக்குப் போன். பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டல்லவா?

செல்லச்சாமிக்கு மட்டும் கோபமே வராது. தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன். தகப்பன் இருளப்பனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகன் லயத்து வீடுகளின் ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டியே மின்சாரம் படித்தான். இருபத்தொரு வயதில் கண்டிக்கு வந்து ஒரு ரேடியோக் கடையில் சேர்ந்தான். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. பின்சுவர் ஏறிக் குதித்து, பாதையில் கால் வைக்காமல் தேயிலைக்குள்ளாலேயே நடந்து இரண்டாம் நாள் வீடு போய்ச் சேர்ந்தான். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்துவிட்டான். ஏன் வந்தாய் என்று ஒருமுறை கேட்டேன். "வேற எங்கக்கா போறது? எனக்குத் தெரிஞ்சது வயரு மட்டும்தான்" என்றான்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பான். வெந்த வாடையென்றால் ஒரு பழுது, அமில வாடையென்றால் வேறொன்று. பிறகுதான் மீற்றர். பற்றரியைச் சும்மா அளந்தால் பன்னிரண்டரை வோல்ட் காட்டி ஏமாற்றும். நூறு வோட்ஸ் பல்பு இரண்டைக் கொழுவி, அந்தப் பாரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால்தான் அதன் உண்மையான தெம்பு தெரியும் என்பான். மாற்றும் ஒவ்வொரு பற்றரியிலும் திகதி எழுதிய கடதாசி ஒட்டுவான். கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி வைப்பதைப் பார்த்தால் பூக்காரி தோற்றாள்.

அவனுடைய தலைவலி பெட்டிக்குள் இல்லை, வீதியில் இருந்தது. பற்றரி, வயர், மீற்றர் எல்லாம் சுமந்துகொண்டு ஒரு தமிழன் அந்தக் காலத்தில் எத்தனை சோதனைச் சாவடி தாண்டுவது? தை மாதம் கொழும்பில் குண்டு வெடித்த கிழமை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பிடித்து இரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். ஹாஜியார் போய்ப் பேசி எடுத்தார். விடும்போது பொலிஸ் பொறுப்பதிகாரி, "உன்ர பேர் இன்னொரு தரம் இஞ்சை வந்தால் நேரே கொழும்புக்கு அனுப்புவன்" என்றாராம். கொழும்புக்குப் போனவர்களில் எத்தனை பேர் எப்போது திரும்பினார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவன் பற்றரியைப் பைக்குள் வைப்பதில்லை. சந்தைக்குக் கொண்டுபோகிற கம்பிக் கூடையில், தூரத்திலேயே தெரியும்படி கொண்டு போவான். வேலை போனாலும் பரவாயில்லை, பேர் மட்டும் அங்கே போகக்கூடாது என்பதே அவன் நினைப்பு.

இப்படிப்பட்டவனுக்குத்தான் ஹேரத் மாத்தயா என்கிற சிங்களவரின் அச்சகம் வாய்த்தது.

கட்டுகஸ்தோட்டையில், பிள்ளைகளின் பாடப் பயிற்சிப் புத்தகங்கள் அடிக்கிற அச்சகம். எழுத்துக் கோக்கிற கொம்பியூட்டர் ஒன்று. மின்வெட்டு வந்த ஒரு நிமிடத்தில் யூபிஎஸ் கத்தி, செத்து, கோத்த பக்கங்கள் எல்லாம் போய்விடும். சித்திரையில் முதல் முறைப்பாடு. செல்லச்சாமி போனான், பற்றரி மாற்றினான், வந்தான். பத்து நாளில் திரும்பவும் போன். பெட்டியைக் கடைக்கே கொண்டுவந்து பல்பு ஏற்றிப் பார்த்தான், இருபது நிமிடம் நின்றது. அங்கே கொண்டுபோய் வைத்தால் ஒரு நிமிடம். ஐந்து முறை போனான். ஐந்து சீட்டிலும் 'பற்றரி பலவீனம்' என்றே எழுதினான். ஆறாம் முறை ஹேரத் என்னிடம், "மிஸ், உங்கள் ஆளுக்கு வேலை தெரியாதா, இல்லை வேண்டுமென்றா?" என்று கேட்டார். அந்த 'வேண்டுமென்றா' எனக்கு நெஞ்சில் இறங்கியது. அந்தச் சொல் கொஞ்சம் வளர்ந்தால் போதும், பொறுப்பதிகாரியின் மேசை வரை போகும்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். அங்கை என்ன பழுது?" என்று அவனைப் பிடித்துக்கொண்டேன்.

கதவைப் பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்தினான். "பெட்டி நல்லாத்தான் இருக்குக்கா. அதுலேருந்து ஒரு வயரு அலுமாரிக்குப் பின்னால அடுத்த ரூமுக்குப் போகுது. புத்தர் வெளக்குக்கு."

மின்வெட்டிலும் அணையக்கூடாது என்று, ஹேரத்தே பக்தியோடு இழுத்துப் பூட்டியிருந்தார். இரண்டு பெரிய பல்பு, சிலையைச் சுற்றி வண்ணப் பல்பு வளையம். கொம்பியூட்டரும் அதுவும் சேர்ந்தால் பெட்டி தாங்காது. கொம்பியூட்டரை நிறுத்திய பிறகும் விளக்கு மட்டும் எரிந்து பற்றரியைக் காயவைத்துவிடும்.

"முதல் நாளே தெரியுமோ?"

"தெரியும்க்கா. லோட் கூடிப்போச்சு சேர்னு சொன்னேன். பிரின்டரக் கழட்டுனாரு, ரேடியோவக் கழட்டுனாரு, வேற ஏதும் இருக்கான்னு என்னையவே கேட்டாரு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"இல்லைன்னுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனையைத் தூக்கி மேசையில் போட்டேன். அந்த அச்சகத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் தினமும் அந்த விளக்கைக் கும்பிடுகிறார்கள், ஒருவருக்கும் அது ஒரு லோட் என்று தோன்றவில்லை. தோன்றாது. எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு எரிகிற பல்பை நான் என்றைக்காவது கரண்ட் செலவில் சேர்த்திருக்கிறேனா? அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இவனையும் சொல்ல முடியவில்லை. "நான் கழட்டுனா, தமிழன் வந்து புத்தர் வெளக்க அணைச்சிட்டான்னு ஆயிரும்க்கா" என்றான்.

ஹாஜியாரிடம் போனேன். நீங்கள் முதலாளி, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் தாடியைத் தடவினார். "மிஸ், நானும் ஒரு சோனகன். சிலைக்கு லைட் போடாதீங்கன்னு நான் எப்பிடிச் சொல்ற? எனக்குச் சொல்லேலா. நீங்க சொல்லுங்களேன், பொம்புள புள்ள சொன்னா கோவிக்க மாட்டாங்க." போனை எடுத்தேன். இலக்கத்தைச் சுழற்றினேன். ஹேரத்தின் குரல் கேட்டதும், "அடுத்த கிழமை ஆள் வருவார் மாத்தயா" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் பேரைக் கேட்டாலே யாழ்ப்பாணமா என்று கேட்கிற காலம் அது. மூன்று பெரிய மனிதர்கள் சேர்ந்தும் ஒரு பிளக்கைக் கழற்ற முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

வழி கண்டுபிடித்தது செல்லச்சாமிதான். சொந்தக் காசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி வாங்கினான். அதற்கு ஒரு சிறிய சார்ஜர், கரண்ட் போனதும் 'டிக்'கென்று தானே மாறுகிற ஒரு சுவிட்ச், பன்னிரண்டு வோல்ட் பல்புகள். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கினான். புத்தருக்கு என் காணிக்கை என்று சொல்லிக் கொடுத்தான். ஹேரத் நெகிழ்ந்து போய்விட்டாராம். பழைய வயரைத் தானே கழற்றிச் சுருட்டி வைத்து, பெட்டியைச் சிலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அடுத்த மின்வெட்டில் யூபிஎஸ் பதினெட்டு நிமிடம் நின்றது. பூஜை விளக்கும் அணையவில்லை. நான் சந்தோஷத்தில் மூன்று பேருக்கும் ரோல்ஸ் வாங்கிவரச் சொன்னேன்.

மூன்று கிழமை நிம்மதி. பௌத்தர்களின் பொசன் பௌர்ணமி வந்தது. ஹேரத் குடும்பத்தோடு அநுராதபுரம் யாத்திரை போய்விட்டார், அச்சகம் பூட்டு. புதிதாக வந்த காவலாளிக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் போனதும் சிலைக்குப் பின்னால் 'டிக்'கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் தகரப் பெட்டி, பற்றரி, அழகாகக் கட்டிய கம்பிகள். அவன் ஓடிப்போய்ப் பொலிசுக்குச் சொன்னதில் என்ன பிழை? நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். வைத்தது யார் என்று அச்சகத்து ஆட்களிடம் விசாரித்தார்கள், எங்கள் கடை ஆள் என்று தெரிந்தது. பகல் பதினொரு மணிக்கு எங்கள் மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. செல்லச்சாமி மீற்றரை நிறுத்தி, ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றான். கேள்வி கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

நானும் ஹாஜியாரும் மூன்று நாள் பொலிஸ் வாசலில் நின்றோம். அது விளக்கு, காணிக்கை, யூபிஎஸ், லோட். எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னோம். "புத்தருக்குக் காணிக்கை கொடுக்க அவன் என்ன பௌத்தனா?" என்று கேட்டார் பொறுப்பதிகாரி. வியாழக்கிழமை கொழும்புக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். தெல்தோட்டையிலிருந்து அவன் மனைவி பேச்சியம்மா வந்து, கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிளக்கைப் பற்றி நான் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் இல்லை. அதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

புதன் பின்னேரம் ஹேரத் யாத்திரையால் வந்தார். விஷயம் கேட்டதும் குளிக்கவும் இல்லை, வெள்ளை உடுப்போடு நேரே பொலிசுக்குப் போனார். தன் கையாலேயே அந்த இடத்தில் வைக்கச் சொன்னதாக எழுதிக் கொடுத்துச் செல்லச்சாமியைக் கூட்டிவந்து எங்கள் படியில் விட்டார். ஒரு கண் வீங்கியிருந்தது. ஹேரத்துக்கும் கண் கலங்கியிருந்தது. மனிதர் தங்கம், அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த கிழமை தன் வேனிலேயே வந்து அவனைக் கூப்பிட்டார். பொலிசார் பிரித்துப் போட்ட விளக்கைத் திரும்பவும் பூட்ட வேண்டுமாம். "போகாதையும் தம்பி" என்றேன். "கூப்புட வந்திருக்காரேக்கா, எப்பிடிப் போகாம இருக்கிறது?" என்று போனான்.

இரண்டு மணித்தியாலத்தில் திரும்பினான். பூட்டியாயிற்றா என்று கேட்டேன்.

"பூட்டியாச்சு. நான் தொடலக்கா. கைய பின்னால கட்டிக்கிட்டு நின்னு, இந்த வயரு இங்க, அந்த வயரு அங்கன்னு வாயால சொன்னேன். அவருதான் முட்டி போட்டு ஒக்காந்து எல்லாத்தையும் முடுக்குனாரு. காவக்காரனையும் பக்கத்துல நின்னு பாக்கச் சொன்னேன். இனி எந்தச் சாமி வெளக்கையும் நான் தொடமாட்டேன்."

சிறிது நேரத்தில் போன் அடித்தது. ஹேரத்.

"உங்கள் செல்லச்சாமி எவ்வளவு நல்ல மனிதன் மிஸ்!" என்றார் சிங்களத்தில், குரல் தழுதழுக்க. "புண்ணியம் முழுவதும் எனக்கே கிடைக்கட்டும் என்று ஒரு ஆணியைக்கூட அவன் தொடவில்லை."

"ஓம் மாத்தயா, நல்ல மனிதன்தான்" என்று சொல்லி, ரிசீவரை வைத்தேன்.