டாக்டர் கோமதி எழுதித் தந்த சாரல்

டாக்டர் கோமதி நேற்று மாலை தென்காசியில் தம் வீட்டில் காலமானார். மாரடைப்பு என்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுவில் மகப்பேறு மருத்துவராக அவர் இங்கே வந்தார். வயல்களில் பூச்சிமருந்து பெருகிய காலம் அது. பயிருக்கு அடித்தார்கள், விதைநெல்லில் கலந்தார்கள், பேன் போகத் தலையிலும் தேய்த்தார்கள். வயல்வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவதும் கரு கலைவதும், ஆனி, ஆடியில் மருந்தடிக்கும் கார் நெல் பருவத்தில் கூடுவதாக அவருக்குப் பட்டது. மருத்துவ இதழ்களை வரவழைத்துப் படித்தார்.

என் பத்திரிகையில் எழுத விளக்கம் கேட்டுப் போனேன்.

"ஈஸ்ட்ரோஜன்னு ஒரு சுரப்பு, அண்ணாச்சி. அது வந்து சொன்னாத்தான் கருப்பை உள்சவ்வு தடிச்சு, கருவுக்கு இடம் தயாராகும். சில மருந்து உள்ள போயி அதே குரல்ல பேசுது. நேரங்கெட்ட நேரத்துல பேசுனா, சவ்வு யார் பேச்சைக் கேக்கும்?"

நிரூபணம் உண்டா என்றேன்.

"எலிக்கு உண்டு. நம்ம பொம்பளையளுக்கு யார் பாத்தா? சந்தேகம்னே எழுதுங்க."

அப்படியே எழுதினேன்.

சில ஆண்டுகள் கழித்து, சென்ற ஆண்டு ஆனி பிறக்குமுன், அச்சன்புதூரிலிருந்து ஒரு மாமியார் தம் மருமகளை அழைத்து வந்தார். மருமகளை மாரியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மகனுக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லி உறவினர் நெருக்கினார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். மருந்தடிக்கும் மாதங்களில் அவளை வயலுக்கு அனுப்பவேண்டாம் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். களையெடுக்க ஆளுக்கு எங்கே போவது என்று மாமியார் அசையவில்லை.

டாக்டர் மருந்துச்சீட்டை எடுத்தார்.

"அப்பம் ஒண்ணு செய்யுங்க ஆச்சி. இவ மேல அருவித் தண்ணி விழணும். ஆனி, ஆடி முழுக்க குற்றாலத்துலயே தங்கணும்."

"அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன? இவ அக்கா அங்கனதான இருக்கா."

அவர்கள் போனபின், அருவியில் குளித்தால் கரு தங்குமா என்றேன். "ஒடம்புக் கொழுப்புல ஏற்கெனவே சேந்த பூச்சிமருந்து போவாது. வயலுக்குப் போவாம, புதுசா ஏறாம இருக்கட்டும்" என்றார். அதன்பின் பல பெண்களுக்கு மருந்துச்சீட்டில் 'குற்றாலச் சாரல்' என்று எழுதித் தந்தார்.

ஆனால் அவர் குற்றாலத்துக்குப் போனதில்லை. சீசனில்தான் அவருக்குக் கூட்டம் அதிகம். மருத்துவமனை ஜன்னல் வழியே மேகம் இறங்கிய மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் போய்வரலாம் என்று ஆண்டுதோறும் அழைப்பேன்.

"சீசன் முடியட்டும், போவோம்."

"முடிஞ்சா பாறையத்தான் பாக்கணும், டாக்டரம்மா."

"பாறையும் அழகாத்தான இருக்கும்!"

இன்று காலை அவர் வீட்டு வாசலில் அந்த மாமியாரைக் கண்டேன். மாரியம்மாள் இரண்டு சீசன் குற்றாலத்தில் இருந்துவிட்டாள். இப்போது ஐந்து மாதம். குற்றால யோசனையின் உண்மைக் காரணத்தை எழுதலாமா என்று மாமியாரிடமே கேட்டேன்.

"எழுதுங்கய்யா. அருவி ஒரு சாக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். எம் மவன்ட்ட சொல்ல ஒரு காரணம் வேணும்லா? அந்த அம்மாவுக்கு அது புரிஞ்சுது."

டாக்டரின் சந்தேகம் இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. அதை ஆராய யாரும் முன்வந்ததாகத் தகவல் இல்லை. மாரியம்மாளுக்குப் பிரசவம் மார்கழியில். அப்போது சீசன் முடிந்திருக்கும். சேதி வந்ததும் நான் குற்றாலம் போவேன், டாக்டரம்மா. பாறையைப் பார்த்து வருவேன்.