ஒன்றரை மணி நேரம்

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் வைஃபை வழியாக நேரத்தை வாங்கிக்கொள்ளும். கணவர் துபாயில் வாங்கி, அந்த ஊர் நேரத்துக்குப் பதிந்து, போன விடுப்பில் கொண்டுவந்து காரைக்கால் வீட்டில் மாட்டினார். நம் நேரத்துக்கு மாற்ற மறந்தே திரும்பிப் போனார். பின்பக்கப் பொத்தானை அழுத்தி நான் பலமுறை திருத்தினேன். அடுத்த தடவை இணையத்தில் நேரம் எடுத்ததும் அது பழையபடி துபாய்க்குப் போய்விடும். பிறகு விட்டுவிட்டேன். மாமிக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, அது பிடித்தும் இருந்தது. மகன் வேலையில் இருப்பாரா, சாப்பிட்டிருப்பாரா என்று சுவரைப் பார்த்தே சொல்லுவார். நம் நேரம் வேண்டுமென்றால் ஒன்றரை மணி கூட்டிக்கொள்வோம். கூட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கூட்டப் பழகியிருந்தோம்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாள். ஒரு வேளை மருந்துக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும் என்று கோவில்பத்து கிளினிக் டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் கடிகாரம் ஆறரை காட்டியபோது கொடுத்து, மருந்துச் சீட்டின் பின்னால் ‘எட்டு’ என்று எழுதினேன். அடுத்தது இரண்டு மணிக்கு.

சரியாகத் தூங்காமல் இரண்டு நாளாகியிருந்தது. போன் அறையில் சார்ஜில் கிடந்தது. கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. கூட்டினேன். இரண்டு. மருந்தைப் புகட்டிவிட்டு அளவு மூடியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது.

இரண்டு மணிக்கு லுஹர் பாங்கு சொல்ல மாட்டார்கள். குழாயை மூடினேன். பயம் வந்திருக்க வேண்டும்; ஒன்றும் வரவில்லை. அறைக்குப் போய்ப் போனைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்திரண்டு. பத்து மணிக்கே கணவர் அனுப்பிய குரல் செய்தி ஒன்று கேட்காமல் கிடந்தது.

“புள்ளைக்கு மருந்து குடுக்குற நேரத்துல நீ கூட்டிக்கிட்டுக் கெடக்க வேணாம். இங்கேர்ந்தே என் போன் ஆப்புல கடியாரத்த நம்ம ஊரு டயத்துக்கு மாத்திட்டேன். இனி அப்படியே பாத்துக்க.”

நாலரை மணி நேரத்தில் அடுத்த வேளையைக் கொடுத்திருக்கிறேன். கிளினிக்குக்குப் போன் செய்தேன். எத்தனை எம்எல், குழந்தை என்ன எடை என்று நர்ஸ் கேட்டார். டாக்டரிடம் விசாரித்துவிட்டு வந்தார்.

“பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. அடுத்தத ஆறரைக்கு முன்னால குடுத்துடாதீங்க.”

“இங்க ஆறரைதானேங்க?”

“வேற எங்கம்மா?”

பிற்பகல் முழுவதும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை தவறும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். செய்தியைக் காலையிலேயே கேட்டிருக்கலாம். வெளியே எட்டி வெயிலையாவது பார்த்திருக்கலாம். மாமியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

ஆறரைக்குப் போனைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி போனைப் பார்த்தேன். அப்புறம்தான் கொடுத்தேன். சற்று நேரத்தில் கணவர் கூப்பிட்டார். காய்ச்சல் எப்படி என்று கேட்டுவிட்டு, “கடியாரம் சரியாயிருச்சா?” என்றார். குரலில் பெருமை இருந்தது.

“சரியாயிருச்சு மச்சான்.”

மாமி அப்போதுதான் சுவரைப் பார்த்தார். “அப்ப அவன் டயத்த நான் எதுல பாக்குறது?”

“ஒன்றரை மணி கொறச்சுக்கங்க மாமி.”

மாமி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். வியர்த்திருந்தது. சீட்டை எடுத்து ‘ஆறரை’ என்று எழுதினேன். பக்கத்தில், ‘போனில்’ என்று சேர்த்தேன்.