நாலு சில்லும் இழுக்கும் என்று நான் சொன்ன வண்டி

என்னிடம் இருப்பது நாலு சில்லும் இழுக்கிற பிக்கப் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கிட்டத்தட்ட இரண்டு வருடமாகச் சொல்லித் திரிந்தேன். உண்மையில் பின் சில்லுகள் இரண்டும்தான் இழுத்தன. முன்னுக்கு இருந்த இரண்டும் என்னைப் போல. கூடவே உருண்டு வந்தன, அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்வித்தவனே நான்.

டீசலுக்கு நாள்கணக்காக வரிசையில் கிடந்த காலம் அது. வரிசையில் கிடப்பவன் வாசிப்பான். வாசிப்பவனுக்கு யோசனை வரும். எஞ்சினிலிருந்து முன் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஒரு நீண்ட இரும்புத் தண்டு இருக்கிறது. சாப்ட் என்பார்கள். அதைக் கழற்றிவிட்டால் டீசல் மிச்சம் என்று எங்கேயோ வாசித்தேன். கராஜ்காரர், "வேண்டாம் ஐயா, பிறகு பூட்டுறது கரைச்சல்" என்றார். நான் வாசித்தவற்றை அவருக்கு எடுத்துச் சொன்னேன். என் பேச்சு முடிய முன்னரே அவர் கழற்றிவிட்டார். பேச்சை நிறுத்த அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது.

கழற்றிய சாப்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனிசி அதை வாழைக்கு முட்டுக் கொடுத்தாள். அந்த முறை குலை நன்றாக விளைந்தது. டீசல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு திரும்பப் பூட்டுவோம் என்று மாதா மாதம் நினைப்பேன். அதற்குள் அதன் மூட்டு கறளும் துருவும் பிடித்து இறுகிவிட்டது. புது மூட்டுக் கிடைத்தபோது வாழையின் பக்கக்கன்று குலை தள்ளி, சாப்ட் அதற்கு முட்டாகியிருந்தது.

எனக்கு ஏன் இப்படியொரு வண்டி என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். நான் பிறந்தது கடலோடிக் குடும்பத்தில். அப்பா கடல், சித்தப்பா கடல், தங்கச்சி கட்டியதும் கடலில் போகிற ஒருவரைத்தான். நான் ஒரேயொரு தரம் போனேன். கரையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி ஓங்காளித்துச் சத்தியெடுத்துக்கொண்டு திரும்பி வந்து, கரவெட்டிப் பக்கம் ஒரு கந்தோரில் கோப்புகளுக்கு முன்னால் கதிரை தேடிக்கொண்டேன். கதிரை ஆடாது. ஆனாலும் கடலுக்குள் உதவாதவன் கரையில் நின்றாவது எதையாவது இழுக்கலாம் என்ற எண்ணம் ஐம்பது வயது நெருங்கும்போது ஒரு வியாதியாகவே பிடித்துக்கொண்டது. அந்த வியாதியின் பெயர்தான் பிக்கப்.

வாங்கும்போதே அது கிழடு. ஆனால் கிழட்டுக்கு நான் செய்த சோடனை கொஞ்சமல்ல. பாரம் தாங்கப் பின் வில்லுக்கு மேலதிகத் தகடுகள் போட்டேன். அகலமான டயர்கள் வந்தன. தண்ணீருக்குள் இறங்கினால் எஞ்சின் மூச்சுவிடுவதற்குக் கண்ணாடி ஓரமாக ஒரு குழாய். கூரையில் வரிசையாக விளக்குகள். எல்லாவற்றிலும் மேலாக, பின்னால் ஓர் இழுவைக் கொக்கி. அடிச்சட்டத்தோடு தடித்த இரும்புத் தகடு வைத்து ஒட்டுவித்தது. சனிக்கிழமைகளில் பாய் விரித்து அடியில் படுத்து, ஒழுகுகிற எண்ணெயைத் துடைத்து, ஒழுகாத இடங்களுக்கு எண்ணெய் போட்டு, உப்புக் காற்று தின்ற இடத்துக்குப் பெயின்ட் பூசுவேன். எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். மனிசி ஒருநாள் சொன்னாள்: "நீங்கள் அதின்ரை நாரிக்கு எண்ணெய் போடுங்கோ. பிறகு உங்கடை நாரிக்கு நான் போடுறன்."

தார் றோட்டில் என் வண்டி பெயர் எடுத்தது. பழுதான வான் ஒன்றை நெல்லியடி வரைக்கும் இழுத்துக் கொடுத்தேன். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்த் தாங்கி இழுத்தேன். தார் றோட்டில் வெற்றி எவருக்கும் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு கார்த்திகையில் புயல் வருகிறது என்றார்கள்.

தங்கச்சி வீடு வடமராட்சி கிழக்கில், கடலும் மணலுமான கரையில். மச்சானுக்கு என்னைவிட வயது குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. அவர்களுக்கு இருந்தது ஒரு கண்ணாடியிழைப் படகு. அந்த வீட்டு அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் அதில்தான் மிதந்தன. அது போனால் மச்சான் ஊரான் படகில் கூலிக்கு ஏற வேண்டும். சிறு வயதில் ஏறியிருக்கிறார். இனி ஏறுவதில்லை என்று சொன்னது எனக்குத் தெரிய அவர் எடுத்த ஒரே சபதம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கச் சனம். கடல் மண்ணிறமாகி, வழக்கமாக நிற்கிற இடத்தை விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரேயொரு உழவு இயந்திரம் படகுகளை ஒவ்வொன்றாகக் கட்டி, பனங்குற்றிகள் மேல் உருட்டி, றோட்டுக்கு அங்கால் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. மச்சான் தன் படகின் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வலைகளும் போய்விட்டன. பிள்ளைகள் அயலவரோடு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். இனி அவருடைய முறை. உழவு இயந்திரக்காரர் கயிற்றோடு வந்தார்.

நான் கையைக் காட்டி மறித்தேன். "இதை நான் பாக்கிறன். நீங்கள் அங்காலை போய் மற்றச் சனத்தைப் பாருங்கோ."

அவர் என் வண்டியின் டயரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், விளக்குகளை எண்ணுவது போலப் பார்த்தார். "நாலு சில்லும் இழுக்குமோ அண்ணை?"

"ஓம்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகச் சிறிய பொய் அது. ஆகப் பெரியதும் அதுதான்.

மச்சான் மெதுவாக, "உழவு மெசினே இழுக்கட்டுமே, மச்சான்" என்றார்.

"ஏன், என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

கட்டினவளின் தமையன் இப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? மச்சான் நிலத்தைப் பார்த்தார். உழவு இயந்திரம் தெற்குப் பக்கத்துக் குடிமனைக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில், அங்கே மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, போன மெசின் இனித் திரும்பி வராது என்று ஆள் வந்து சொன்னார்.

பரவாயில்லை என்று நினைத்தேன். கொக்கியில் கயிற்றை மாட்டி, ஆகச் சின்ன கியரில் போட்டு, கிளச்சை விட்டேன். வண்டி ஒரு முழம் முன்னுக்குப் போனது. படகும் ஒரு முழம் வந்தது. தங்கச்சி கை தட்டினாள் என்றுகூட நினைக்கிறேன். அடுத்த முழத்துக்குப் பின் சில்லுகள் மணலுக்குள் இறங்கின. மிதித்தேன். இன்னும் இறங்கின. டயரில் காற்றை இறக்கினோம். பனையோலை வெட்டிச் சில்லுக்குக் கீழே போட்டோம். வண்டி ஓலையை மென்று பின்னால் துப்பியது. தங்கள் படகுகளை ஏற்றி முடித்த நாலைந்து பேர் வந்து தோள் கொடுத்தார்கள். கிளச் கருகிற மணம் வந்தது. மழை சரிவாக அடித்தது. கதவைத் திறந்து பார்த்தேன். கடல் நுரை பின் சில்லுக்கு வந்துவிட்டது.

தங்கச்சி வண்டியின் முன்னுக்கு வந்து குனிந்து பார்த்தாள். "அண்ணை, முன் சில்லு ஏன் சுத்தேல்லை?"

"அது கழட்டிக் கிடக்கு."

"என்னது கழட்டிக் கிடக்கு?"

"முன்னுக்கு இழுக்கிற சாப்ட்."

"இப்ப அது எங்கை?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். "வாழைக்கு முட்டுக் குடுத்திருக்கு."

அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறந்ததிலிருந்து அவளுடைய ஏச்சுக்கு நான் பழகியவன். அவள் மழைக்குள் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, இடுப்பளவு தண்ணீரில் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கி விழுந்தது. விழும்போது அவருடைய தோளும் கூட இறங்கியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கடவுளர் எல்லோருக்கும் ஒவ்வொரு நேர்த்தி வைத்தேன். அந்த வாழையை அடியோடு வெட்டுவேன் என்றும் ஒரு நேர்த்தி இருந்தது. மீண்டும் மிதித்தேன். எஞ்சின் கத்தியது. வண்டி இன்னும் ஒரு சாண் கீழே போய், பின் அச்சு மணலில் இருந்துகொண்டது. இனிச் சில்லுகள் சுற்றினாலும் ஒன்றுதான், சுற்றாவிட்டாலும் ஒன்றுதான்.

எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி றோட்டில் ஒலிபெருக்கி கத்தியது. தோள் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். அவர்களிலும் பிழையில்லை, அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள். ஒருவர் மட்டும் போகும்போது என் வண்டியின் கூரை விளக்குகளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

மச்சான் படகின் மூக்கில் கையை வைத்தபடி, "விடுவம்" என்றார்.

அவர் குரல் உடையவில்லை, அதுதான் கொடுமை. சந்தையில் ஒரு மீனை விலை படியவில்லை என்று திருப்பி வைக்கிறவர் போலச் சொன்னார். நான் இறங்கி ஓடி, "கொஞ்சம் பொறு மச்சான், ஆரையேன் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன். யாரைக் கூட்டி வருவது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மனிதர் இல்லை. மணலும் மழையும் நாங்கள் மூவரும் மட்டுமே.

"விட்டால் போயிடும்," என்றாள் தங்கச்சி. பிறகு என் வண்டியை நோக்கி மோவாயை நீட்டினாள். "உது போகாது. உதை இனி எமன் வந்து இழுத்தாலும் அசையாது. உதிலை கட்டிப்போட்டுப் போவம்."

அவள் என்னைக் குத்தத்தான் சொன்னாள். ஆனால் மச்சான் தலையைத் தூக்கி வண்டியை ஒரு தரம் பார்த்தார். அந்த வண்டியை அவர் மரியாதையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு ஓடிப்போய் இருந்த கயிறெல்லாம் கொண்டுவந்தார். படகின் மூக்கிலிருந்து கொக்கிக்கு ஒன்று, பக்கத்து வளையத்திலிருந்து அடிச்சட்டத்துக்கு இரண்டு. பிறகு படகின் அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கினார். தண்ணீர் உள்ளே வந்தது. மிதக்கிற படகை அலை தூக்கும். கனத்துக் கிடக்கிற படகைத் தூக்காது. மண்வெட்டி, வாளி, தங்கச்சியின் சோற்றுப் பானை என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றாலும் மணலை அள்ளிப் படகுக்குள் கொட்டினோம். சீவனத்தைக் காப்பாற்ற அதையே நாங்கள் புதைத்துக்கொண்டிருந்தோம். என் கையில் தோல் உரிந்ததைக்கூட நான் சொல்லிக் காட்டவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே பெருந்தன்மை அது.

போகும்போது வண்டியின் கதவுகளைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். யார் களவெடுப்பார் என்று நினைத்தேனோ தெரியாது.

பள்ளிக்கூடத்தில் மச்சான் தன்னிடம் இருந்த ஒரேயொரு காய்ந்த சாரத்தை என்னிடம் உடுக்கத் தந்துவிட்டு, ஈரத்தோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். நித்திரையா என்று தெரியவில்லை. ஓடு தடதடக்கும் போதெல்லாம் அவருடைய கை எதையோ பிடிப்பது போல மூடி மூடித் திறந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, விடிந்ததும் என்ன சொல்வது என்று வசனம் அடுக்கினேன். நிறைய வாசித்தவனுக்கு ஒரு வசனமும் அகப்படவில்லை. நாளைக்கு இந்த மனிதர் யாரோ ஒருவருடைய படகுக்குப் பக்கத்தில் கூலிக்கு நிற்பார், நான் கந்தோரில் கதிரையில் இருப்பேன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

வெளிச்சம் வந்ததும் போனோம். என் வண்டி கதவுப்பிடி வரைக்கும் மணலுக்குள் இருந்தது. ஆசனங்களில் கடல் இருந்துவிட்டுப் போயிருந்தது. கூரை விளக்குகளைக் காணவில்லை. மூச்சுவிடுகிற குழாய் மட்டும், மூச்சுவிட ஒன்றும் மிச்சமில்லாமல், நிமிர்ந்து நின்றது. கொக்கியில் கட்டிய கயிறு விறைத்து நின்றது. அதன் மற்ற நுனியில், மணலும் தண்ணீருமாக வயிறு நிறைந்து, ஒரு பக்கம் உரசுப்பட்டு, படகு கிடந்தது.

மச்சான் அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். பிறகு மணலில் குந்தி, முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டார். தங்கச்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றுப் பானையால் மணலை வெளியே அள்ளத் தொடங்கினாள். நானும் அள்ளினேன்.

வண்டியைத் தோண்டி எடுத்தபோது கராஜ்காரர் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். அது தங்கச்சி வீட்டு வேலியோரத்தில் நின்றது. சனம் வந்து பார்த்தது. பார்க்க வந்தவர்களுக்குக் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று, கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு நான் அங்கே இருந்தேன். முதல் நாள் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிறகு சாப்ட் பற்றிய பகுதி நீளமாக இருப்பதாகப் பட்டதால் விட்டுவிட்டேன். பிறகு பிறகு, வண்டியை அந்த இடத்தில் இறக்கி நிறுத்தியதில் ஒரு திட்டம் இருந்தது போலவும் கதை போனது. மச்சான் மறுத்துச் சொல்கிற ஆள் இல்லை. படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு, கேட்டும் கேட்காதவர் போல இருப்பார்.

அப்படியொரு பின்னேரம், அயல் கிராமத்திலிருந்து வந்த வயதான ஒருவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தேநீர் கொண்டுவந்த தங்கச்சியிடம் சொன்னார்: "உன்ரை அண்ணற்றை வண்டி இல்லாட்டி உங்கடை படகு இல்லைப் பிள்ளை."

"ஓம் அப்பு," என்றாள் அவள், என் கையில் கோப்பையைத் தந்தபடி. "ஒரு பெரிய கல்லுக் கிடந்திருந்தாலும் படகு நிண்டிருக்கும். ஆனா கல்லெண்டால், பிறகு வந்து குந்தியிருந்து தேத்தண்ணி கேக்காது."