ஜெனீராவின் பெயரில் 1.7

212 விண்ணப்பங்கள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அடையாள அட்டைக்காகப் போய், 1988 பெப்ரவரி கடைசியில் ஒரே கட்டாகத் திரும்பி வந்தவை. தோட்ட நிர்வாகத்தின் பதுளைக் கந்தோர் அச்சிட்டுக் கொடுத்த விபரத் தாள்களில் பிறந்த இடமே இல்லை. குற்றவாளி யார் என்பதைக் கந்தோர் அன்று மத்தியானத்துக்குள் முடிவுசெய்துவிட்டது: ஜெனீரா, வயது இருபத்தாறு, பஸாரில் பொத்தான் கடை வைத்திருப்பவரின் மகள், கணனிக்கு நிரல் எழுதுவதற்கென்றே அங்கே சேர்க்கப்பட்டவர்.

ஆதாரத்தை அவரே கொடுத்திருக்கிறார் என்றார்கள். கொழும்பில் படித்தபோது வந்த பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு. ஒவ்வொரு நிரலின் தலையிலும் இரண்டு டொலர் குறிகளுக்கு நடுவே ஒரு சொல்லைப் போட்டுவைப்பார். யார் நிரலைத் திருத்திச் சேமித்தாலும், எத்தனையாவது திருத்தம், என்ன திகதி, எத்தனை மணி, யார் பெயரில் என்பதைக் கணனியே அந்த இடத்தில் எழுதிவிடும். விபரத் தாள் நிரலின் தலையில் அது எழுதியிருந்தது: 1.7, பெப்ரவரி 3, மாலை 4.40, ஜெனீரா.

பிரிவுத் தலைவர் தேவதாசன் பிழையை ஒப்புக்கொள்ளும் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஜெனீரா அதில் கையெழுத்திடாவிட்டால் வேலை போகும் என்றார்.

"மெஷின் பொய் சொல்லுமாம்மா? நீ வச்ச ஏற்பாடுதானே."

கணனியைத் திறக்க இருந்தது ஜெனீராவின் கடவுச்சொல் ஒன்றுதான். அவர் வராத நாளில் வேலை நிற்கக்கூடாது என்று அதைத் துண்டுக் கடதாசியில் எழுதித் திரையருகே ஒட்டவைத்தவர் இதே தேவதாசன். ஆளுக்கொரு சொல் வேண்டும் என்று ஜெனீரா இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். பதிலில்லை. இப்போது யார் உள்ளே போனாலும் பழி அவருக்கு. இது என்ன நியாயம்?

திரும்பி வந்த தாளோடு தோட்டத்திலிருந்து வந்த இருதயம்மா, ஜெனீராவின் மேசை முன்னால் நின்று கேட்டார்: "நான் பொறந்த எடத்த நீயாம்மா அழிச்ச?"

வெள்ளி காலை ஜெனீரா தேவதாசனின் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். முதலாவது, 1.6க்கும் 1.7க்கும் உள்ள வித்தியாசம்: ஒரே தாளில் இருவர் விபரம் அடங்குவதற்காகப் பிறந்த இடம் அச்சாகும் வரி நீக்கப்பட்டிருந்தது. கடதாசியை மிச்சம் பிடிக்கச் சொல்லி ஜனவரி முழுக்கச் சத்தம் போட்டவர் யார் என்பது கந்தோருக்கே தெரியும். இரண்டாவது, பெப்ரவரி 3ஆம் திகதிக்கான லீவுக் கடிதம். மாத்தளையில் மாமி மகளின் கலியாணம். அனுமதித்துக் கையெழுத்திட்டவர் தேவதாசன்.

"மெஷின் பொய் சொல்லல்ல சேர். என்ட பேர்ல ஆரோ உள்ள போயிருக்காங்க. அண்டைக்கு நான் மாத்தளையில. ஒங்க கையெழுத்தே இருக்கு."

தேவதாசன் இரண்டையும் வாசித்தார். தான் தயாரித்த கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். 212 பேருக்கும் 'கணனிக் கோளாறு' என்றே அறிவித்தல் போனது. தனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதிவைத்த ஒரே ஒன்று அந்தக் கந்தோரில் அந்தக் கணனிதான். கோளாறும் அதன் தலையில்தான்.

மார்ச் 21 முதல் ஜெனீராவுக்கு அப்புத்தளைக் கிளைக்கு மாற்றம். அங்கே கணனி இல்லை.